அம்மாச்சி ஆற்றில் கால் வைக்கணும்: கோலகுபு பாருவா, உலு லங்காட்டா?

செந்தூல்வாசி | வெள்ளி இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறைக்கு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மூன்று காடியில் (காரில்) பதினான்கு பேர் ஆற்றுக்குப் போகத் திட்டம். கடைக்குட்டிக்கு 4 வயது. மூத்தவர் எங்கள் அம்மாச்சி, 79 வயது. இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

அம்மாச்சி கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, கல்யாணமாகிச் செந்தூலுக்கு வந்தவர். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து, "ஆத்துத் தண்ணியில ஒரு தடவ கால வச்சிட்டு வந்துடணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முழங்கால் வலி. கைத்தடியோடு நடப்பார், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும்.

என் தம்பி கோலகுபு பாரு பக்கமுள்ள சிலிங் நீர்வீழ்ச்சிப் படங்களைக் காட்டி அங்கேதான் போகணும் என்று நிற்கிறான். மாமா உலு லங்காட் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும்.

ரவாங் அக்கா | வெள்ளி இரவு 10:15

தம்பி, சிலிங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இடம் கொள்ளை அழகு, அதை மறுக்க முடியாது. 20 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழும், வழியெல்லாம் கெலா மீன்கள் காலடியில் கூட்டமாக நீந்தும். அது மீன் சரணாலயம், ஒரு மீனையும் தொடக்கூடாது. ஆனால் காடி நிறுத்தும் இடத்திலிருந்து அருவி வரை காட்டுக்குள் நடக்கணும், நடுவில் ஐந்தாறு தடவை ஆற்றைக் கடக்கணும். கல்லெல்லாம் பாசி. இரண்டு பிள்ளைகளோடு போன எனக்கே திரும்பும்போது கால் நடுங்கியது. போன வழியேதான் வரவும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மழை பிடித்தால் அதே ஐந்தாறு இடத்தில் ஆறு உங்களை மறித்துக்கொள்ளும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அந்த இடத்தை அடிக்கடி மூடியும் வைப்பார்கள், அதனால் தம்பி தன் நண்பர்களோடு போவதானாலும் சிலாங்கூர் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நான் எந்த ஆற்றுக்குக் கிளம்பினாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: காடிக் கதவிலிருந்து தண்ணீர் வரை எத்தனை எட்டு? படத்தில் அது தெரியாது. இரண்டாவது, கழிப்பறை. பெரியவர்களும் பெண்பிள்ளைகளும் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிங் இருக்கிறது. ஏழு அடுக்கு அருவி. கீழ் அடுக்குகளுக்குப் போக நல்ல பாதை உண்டு. குரங்குகள் மட்டும் பையைப் பிடுங்கும், உணவைக் காடியிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

காஜாங் மலையேறி | வெள்ளி இரவு 11:02

மாமா சொன்னதுதான் என் ஓட்டு. உலு லங்காட்டில் சுங்கை சொங்காக் போங்கள். தண்ணீர் பல இடங்களில் முழங்கால் அளவுதான், பிள்ளைகளைக் கண்முன்னே வைத்துக்கொள்ளலாம். குடில் உண்டு, கழிப்பறை உண்டு. பத்து 18 (18-ஆம் மைல்) பக்கம் போகும் வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொள்ளலாம், டுரியான் பருவமென்றால் சாலையோரம் முழுக்கக் கடைதான்.

சுங்கை கபாய்க்குப் போகாதீர்கள். அருவியின் ஓரமாகவே படிக்கட்டு ஏறுகிறது, செங்குத்தான படிகள். உங்கள் அம்மாச்சி கீழேயே தனியாக உட்கார நேரிடும்.

அம்பாங் வழியாகப் போகாமல் செராஸ் வழியாகப் போங்கள். அம்பாங்கிலிருந்து மலையேறி இறங்கும் அந்தச் சாலை வளைந்து வளைந்து போகும், என் மகள் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பாள். சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் பத்து 14-லேயே காடிகள் நின்றுவிடும்.

நான் அந்தப் பக்கம் அடிக்கடி போவது நுவாங் மலைக்கு. 1,493 மீட்டர், சிலாங்கூரிலேயே உயரமானது. அதன் அடிவாரத்தில் லங்காட் ஆற்றுத் தண்ணீர் காலை ஏழு மணிக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு குளிர்ச்சிக்காகவே நான் விடியற்காலையில் எழுவேன்.

பெர்ஜுந்தை பேரன் | சனி காலை 6:30

தம்பி, இரவே படித்துவிட்டேன், யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். எனக்கு 66 வயது.

உங்கள் அம்மாச்சி "ஆறு" என்று சொல்லும்போது அவர் மனதில் எந்த ஆறு என்று கேட்டீர்களா? கெர்லிங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்றால் சொங்காக்கும் கஞ்சிங்கும் அவருக்கு அந்நியமான இடங்கள். அவர் கேட்பது சிலாங்கூர் ஆறும் அதில் வந்து சேரும் ஓடைகளுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கோலகுபு பாருவுக்குப் போங்கள், கோலாலம்பூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம்தான்.

நான் அதே ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பையன். பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள்) எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஓடியது இந்த ஆறுதான். எங்களுக்கு அது எப்போதும் கலங்கலான, அகலமான ஆறு. 20 வயதில் ஒரு லோரியில் ஏறி கோலகுபு மேலே போய்ப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. அதே ஆறு, கல்லுக்குக் கல் தாவி, அடி தெரியும் தண்ணீராக ஓடியது. நாங்கள் துணி துவைத்த தண்ணீர் இப்படித்தான் பிறக்கிறதா என்று கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கீழே போனால் கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் வரும், பெரெம்பாங் மரங்களில் மின்மினி மின்னும் இடம். அதற்கப்புறம் கடல்.

அந்தப் பள்ளத்தாக்கில் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது, பலர் பார்க்காமலேயே அருவிக்கு ஓடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஒரு கிராமம். பெயரே "உடைந்த அணை". 1883-இல் பழைய கோலகுபுவுக்கு மேலிருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. செசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்கார மாவட்ட அதிகாரியும் அதில் இறந்தார். அணையில் இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் ஆறு கோபித்துக்கொண்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அப்புறமும் ஊருக்கு நிம்மதி இல்லை. ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றில் வந்து படிந்து படிந்து படுகை உயர்ந்தது, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 1920களில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்ட அதிகாரி போட்ட திட்டம். பெயரில் இருக்கும் "பாரு" (மலாயில் "புதிய") அப்படி வந்தது. அந்தக் கடைத்தெருவில் நிழலில் ஒரு சுற்று நடந்துவிட்டு கோப்பி குடியுங்கள்.

அங்கிருந்து ஃபிரேசர் மலைச் சாலையில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் அணை. 110 மீட்டர் உயரம், 2000களின் தொடக்கத்தில் கட்டியது. ஏரியைப் பார்க்க இடம் உண்டு, காடியை விட்டு இறங்கினாலே தெரியும். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுடையது. செந்தூல் வீட்டில் அம்மாச்சி தினமும் சோறு வடிப்பது தன் ஊர் ஆற்றுத் தண்ணீரில்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஏரியைப் பார்க்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய சாலையும் பூர்வகுடி மக்களின் மண்ணும் இருக்கின்றன. பெர்தாக், கெராச்சி கிராமங்களின் தெமுவான் மக்கள் அந்த அணைக்காக இடம் மாற்றப்பட்டார்கள். இன்றும் அந்தச் சாலையோரம் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றம் வழியாக ஆற்றில் இறங்குவதானால் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெட்டாய்க் காய் விற்றால் விலை பேசாமல் வாங்குங்கள்.

யூஎம் மாணவன் | சனி காலை 9:12

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கே போகணும் போலிருக்கிறது. காடி இல்லை. கொமியூட்டர் ரயிலில் போக முடியுமா?

ரவாங் அக்கா | சனி காலை 9:30

முடியும் தம்பி. தஞ்சோங் மாலிம் போகும் கொமியூட்டர் ரவாங், செரண்டா, பத்தாங்காலி, ராசா தாண்டி கோலகுபு பாருவில் நிற்கும். நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து கிராப் வாடகைக் காடி பிடிக்கணும். போகும்போது கிடைக்கும், அணைக்கு மேலே போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். கைப்பேசிக்கு அலைவரிசையும் பல இடத்தில் வராது. போய் இறக்கிவிடும் ஓட்டுநரிடமே திரும்பி வர நேரம் பேசிக்கொள்ளுங்கள். ஊருக்குள் மட்டும் சுற்றுவதென்றால் கவலையே இல்லை.

பத்துமலை அடிவாரம் | சனி மதியம் 1:20

எல்லாரும் இடத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் நேரத்தைப் பற்றி எழுதணும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த வாரம். உலு யாம் பக்கம் ஓர் ஓடை. நாங்கள் பதினொரு பேர். மதியம் இரண்டரை மணி, தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். கோழி பாதி வெந்திருந்தது. என் தங்கை மகள்கள் இருவரும் ஆற்று நடுவில் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லை.

மேலே பாதையில் தூண்டிலோடு போன ஒரு பூர்வகுடி ஆள் நின்று தண்ணீரையே பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்து "நாயிக், நாயிக்" என்று கையை அசைத்தார். மேலே ஏறச் சொல்கிறார் என்று புரிந்தது, ஏன் என்று புரியவில்லை. என் மச்சான் மட்டும் எதுவும் கேட்காமல் தண்ணீரில் இறங்கி இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் கரையேறும்போதுதான் கவனித்தேன், பளிங்கு போல இருந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. அப்புறம் சத்தம். நெடுஞ்சாலையில் கனரக லோரி ஏறி வருவது போன்ற சத்தம், ஆனால் அங்கே சாலையே இல்லை.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறை காணாமல் போக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுப்பு, பாய், பானை, எங்கள் அம்மாவின் செருப்பு எல்லாம் போய்விட்டன. மரக்கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போயின. நாங்கள் பதினொரு பேரும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்த ஆளுக்கு நன்றி சொல்லத் திரும்பினால் அவர் போய்விட்டார். இன்றுவரை அந்தக் கடன் எனக்கு இருக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையிலிருந்து திடீரென்று இறங்கும் இந்த வெள்ளத்தைத்தான் மலாயில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானம் உங்களுக்கு எதையும் சொல்லாது. ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலையைப் பாருங்கள். அங்கே கறுத்தால் கிளம்புங்கள், இங்கே வெயில் அடித்தாலும் கிளம்புங்கள். தண்ணீர் கலங்கினாலும், இலையும் குச்சியும் கூட்டமாக வந்தாலும், திடீரென்று தண்ணீர் வற்றினாலும் யாரிடமும் கேட்காமல் மேடு ஏறுங்கள். எந்தக் கரைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்களோ அந்தக் கரையில் ஏறுங்கள், காடி அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆற்றைக் கடக்காதீர்கள். சாமானை விட்டுவிடுங்கள்.

கெப்போங் பெரியவர் | சனி மதியம் 2:45

நீங்கள் சொன்னது வருத்தமான அனுபவம்தான். ஆனாலும் இப்படி எழுதினால் நம் ஆட்கள் ஆற்றுக்கே போகமாட்டார்கள். நான் முப்பது வருடமாகக் குடும்பத்தோடு போகிறேன், ஒன்றும் நடந்ததில்லை. ஏற்கெனவே பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் பேரங்காடி, இல்லையென்றால் கைப்பேசி. மீன் எப்படி நீந்தும் என்று திரையில் பார்க்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கு ஆறுதான் விளையாட்டு மைதானம். அந்தத் தொடர்பு அறுந்துபோவதும் ஓர் ஆபத்துதான். பயத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

வடிகால் பொறியாளர் | சனி மாலை 4:10

ஐயா, தொடர்பு அறுந்துவிடக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். நீரியல்தான் என் வேலை என்பதால், அது ஏன் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்பது என் அனுபவம்.

கோலாலம்பூருக்குக் கிழக்கே இருக்கும் நம் ஆறுகள் எல்லாம் தித்திவாங்சா மலைத்தொடரிலிருந்து இறங்குகின்றன. செங்குத்தான கருங்கல் மலை. பெய்யும் மழை மண்ணில் ஊறி நிற்க நேரம் கிடைக்காது, சட்டென்று ஓடைக்கு வந்துவிடும். மலை உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் அத்தனையும் ஓர் ஒடுக்கமான பள்ளத்தின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். சில சமயம் விழுந்த மரமும் சருகும் மண்ணும் ஓடையை அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் தேங்கும். கீழே இருப்பவருக்குத் தண்ணீர் குறைந்தது போல் தெரியும். அந்த அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வரும். 2021 ஆகஸ்டில் கெடாவில் ஜெராய் மலை அடிவாரத்துக்கு மரமும் பாறையும் சேர்ந்து இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது பலருக்கும் நினைவிருக்கும்.

மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். காலையில் நிலம் சூடாகி, ஈரக்காற்று மேலேறி, மதியம் மேகமாகிப் பிற்பகலில் கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது இன்னும் பலமாக இருக்கும். நம் தீபாவளி சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது. எனவே காலை ஏழரைக்கு ஆற்றில் இருங்கள், மதியச் சாப்பாட்டை ஊருக்குள் வந்து சாப்பிடுங்கள். ஐயா முப்பது வருடம் போனாரே, எத்தனை மணிக்குப் போவார் என்று கேட்க ஆசை.

முதல் நாள் இரவு மைசுவாச்சா செயலியில் வானிலை பாருங்கள், வடிகால் துறையின் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் மழை அளவும் ஆற்று மட்டமும் வரும். ஆனால் சின்ன ஓடைகளுக்கெல்லாம் அளவி கிடையாது. அங்கே உங்கள் கண்தான்.

கெப்போங் பெரியவர் | சனி மாலை 5:00

நியாயமான கேள்வி. விடியற்காலை கிளம்பி பதினோரு மணிக்குள் குளியலை முடித்துவிடுவோம். என் அப்பா போட்ட வழக்கம் அது, "உச்சிக்கு மேல ஆத்துல நிக்காதே, முனி உலாத்தும்" என்பார். நான் முனிக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. பத்துமலை தம்பி, நான் அவசரப்பட்டு எழுதியதற்கு மன்னிக்கவும்.

பத்துமலை அடிவாரம் | சனி மாலை 5:20

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா. உங்கள் அப்பா சொன்னதை என் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன்.

குலிம் பெண் | சனி இரவு 8:05

வடக்கே இருப்பவர்களுக்காக ஒரு வரி. பினாங்கிலிருந்து பாலம் தாண்டி வந்தால் குலிம் பக்கம் சுங்கை செடிம். ரப்பர் படகுச் சவாரி உண்டு, மரங்களின் உச்சியில் நடக்க 950 மீட்டர் நீளப் பாதையும் உண்டு. மேலே சொன்ன நேரக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்தும்.

காஜாங் மலையேறி | சனி இரவு 8:40

படகுச் சவாரி என்றதும் ஒன்று. கோலகுபுவிலும் அணைக்குக் கீழே சிலாங்கூர் ஆற்றில் ரப்பர் படகும் கயாக்கும் விடுகிறார்கள். இளசுகள் அதில் போகலாம். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்றின் வேகம் மாறும். ஒருமுறை ஓர் ஏற்பாட்டாளர் எங்களுக்குக் கொடுத்த மிதவைச் சட்டையில் பாதிக் கொக்கி உடைந்திருந்தது. கேட்டால் "தண்ணீர் இடுப்பளவுதான்" என்றார். நாங்கள் முன்பணத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். சட்டையைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காதுக்கு மேல் ஏறிவந்தால் அது உங்களுக்கானது இல்லை. தலைக்கவசமும் கேளுங்கள். புக்கிட் பத்து பஹாட்டில் பாராகிளைடிங்கும் இருக்கிறது, காலையில் அவர்கள் பறப்பதைக் கீழிருந்து பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இரவு தங்கும் எண்ணம் இருந்தால், உரிமம் உள்ள முகாமா என்று பாருங்கள், மலைச்சரிவுக்குக் கீழே கூடாரம் போடாதீர்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலி நிலச்சரிவில் 31 பேர் தூக்கத்திலேயே மண்ணுக்குள் போனார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கம்போங் பாண்டான் ஆசிரியை | ஞாயிறு காலை 7:55

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை என் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆற்றோரம் குப்பை பொறுக்கப் போகிறேன். போன முறை ஒரு மாணவனின் உள்ளங்காலில் பீர் போத்தல் கண்ணாடி ஏறி, நான்கு தையல். நாங்கள் எடுத்த மூட்டைகளில் பம்பர்ஸ், கோழி எலும்பு, பாலிஸ்டிரின் பெட்டிகள். அவற்றோடு நம்முடையவை என்று பார்த்ததுமே தெரிகிற பொருள்களும் இருந்தன: சாமிப் படங்கள், சடங்கு முடித்து விட்டுப்போன கலயம், எலுமிச்சை, துணி. படத்தைக் குப்பையில் போட மனம் வராமல்தான் ஆற்றில் விடுகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் பாறை இடுக்கில் உடைந்து கிடக்கிறது. சட்டத்தைக் கழற்றிவிட்டு, காகிதத்தை மட்டும் தனியாக எரித்து அந்தச் சாம்பலை வீட்டுச் செடிக்குப் போடலாம்.

தைப்பூசத்துக்கு நாம் நீராடும் பத்துமலை ஆறும் இந்த மலைகளிலிருந்து இறங்குவதுதானே. ஓர் ஆற்றில் தலை முழுகி வணங்கிவிட்டு, இன்னோர் ஆற்றில் இப்படிச் செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குப்பை போட்டால் எலி வரும். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஆற்றங்கரைகளில் உண்மையாகவே உண்டு. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். போய் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி | ஞாயிறு இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பெர்ஜுந்தை ஐயா சொன்னபடி அம்மாச்சியிடமே கேட்டேன், எந்த ஆறு என்று. "கோலகுபு ஆறுதான், வேற எது?" என்றார். அவருடைய அப்பா தீபாவளிக்கு முன்னால் கோலகுபு கடைத்தெருவில் துணி வாங்கிவிட்டு, பிள்ளைகளை ஆற்றில் குளிப்பாட்டி அழைத்து வருவாராம். எனக்கு 36 வயது. இதை நான் கேட்டதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை போகிறோம். தம்பியும் சரி என்றுவிட்டான்.

ரவாங் அக்கா | ஞாயிறு இரவு 9:40

அப்படியென்றால் மடக்கு நாற்காலி ஒன்று, முதுகு சாயும் மாதிரி, அம்மாச்சிக்குத் தனியாக. ரப்பர் அடி வைத்த செருப்பு. மாற்றுத் துணி இரண்டு செட். சமையலை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், பீஹூன் கோரேங்கும் சம்பலும் அவித்த முட்டையும் போதும். அங்கே அடுப்பு மூட்டினால் பாதிப்பேர் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. பெரியவர்கள் அரைமணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளை மட்டும் பாருங்கள், அந்த ஆள் கைப்பேசியைத் தொடக்கூடாது.

கெர்லிங்கில் சுடுநீர்க் குளம் இருக்கிறது, தெரியுமா? முழங்கால் வலிக்கு அம்மாச்சிக்கு இதமாக இருக்கும். அதற்கு முன் இதயம், இரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி | சனி இரவு 10:30

போய் வந்துவிட்டோம்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். கோலகுபு கடைத்தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அணையில் நிறுத்தி ஏரியைப் பார்த்தோம், பனிமூட்டம் இன்னும் தண்ணீர் மேல் கிடந்தது. செந்தூல் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான் என்று சொன்னேன். அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் ஊரை விட்டே போகல" என்றார். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெர்தாக் பக்கம், சாலையிலிருந்து ஆறு கிட்டே இருக்கும் ஓர் இடத்தில் இறங்கினோம். பக்கத்து வீட்டில் ஒரு பூர்வகுடி அம்மாவிடம் கேட்டதற்கு, தாராளமாக இறங்குங்கள் என்று சொல்லி ஆழம் இல்லாத இடத்தைக் காட்டினார். பெட்டாய் வாங்கினோம். காடிக் கதவிலிருந்து தண்ணீர் வரை 62 எட்டு, தம்பி எண்ணினான். அம்மாச்சி நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார்.

நாற்காலியைத் தண்ணீரிலேயே போட்டோம், கணுக்கால் அளவு. புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் "அம்மாடி, என்ன குளிரு" என்று கத்தினார், அப்புறம் காலை எடுக்கவே இல்லை. கடைக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக் கொடுக்க, எது சட்னி அரைக்க ஆகும், எது ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிதான் பிள்ளைகளைப் பார்க்கும் முறையை அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்திருந்தோம். பதினொன்றே காலுக்கு நாங்கள் பேச்சில் இருந்தோம், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாச்சி தானாகவே குனிந்து செருப்பைத் தேடினார். என்னம்மா என்றேன். "ஃபிரேசர் மலைப் பக்கம் பாரு, கறுத்துக்கிட்டு வருது. பாயைச் சுருட்டச் சொல்லு" என்றார். திரும்பிப் பார்த்தேன், மலை முகடே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாரும் சாலைக்கு வந்துவிட்டோம். குப்பை இரண்டு பை, நம்முடையது ஒன்று, ஏற்கெனவே கிடந்தது ஒன்று. கோலகுபுவில் சாப்பிட உட்கார்ந்தபோது மழை ஆரம்பித்தது, தகரக் கூரையில் பேசுவது கேட்காத அளவுக்கு.

அம்மாச்சி ஒரு கல்லைப் புடவை முந்தானையில் முடிந்து வந்திருக்கிறார். இப்போது சாமி மேடையில் இருக்கிறது.

அடுத்த மாதம் கெர்லிங் சுடுநீருக்குப் போகலாம் என்று அவரே சொல்கிறார், மருத்துவரும் சரி என்றார். அக்கா, அங்கே பிடித்துக்கொண்டு இறங்கக் கம்பி இருக்கிறதா? வாரநாளில் கூட்டம் எப்படி இருக்கும்?